எல்லா ஊருக்கும் ஒரே பூட்டு

குடவாசலில் ஒரு பார்சல் கம்பெனிக்கு இரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன். எனக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். நல்ல மனுஷன்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழி மொத்தத்தையும் அவர் தலையில் கட்டிவிடுவேன்.

அந்தக் கோடையில், தண்ணீர் வருவதற்குள் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒரு வாய்க்கால் பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள். அக்கரைத் தெருவுக்குப் போக ஏழு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு பெட்டி வந்திருந்தது.

"ஒரு பெட்டிக்கு ஏழு கிலோமீட்டரா? வேணாம்ணே," என்றார் சார். "வீடு பூட்டியிருந்ததுன்னு போட்டுடுங்க. நாலு பெட்டி சேரட்டும், ஒண்ணா குடுத்துக்கலாம்."

பார்சல் கொடுக்க முடியாவிட்டால் போனில் காரணம் போட வேண்டும். விலாசம் தப்பு என்று போட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். வாங்க மறுத்தார் என்று போட்டால் சண்டைக்கு வருவார்கள். வீடு பூட்டியிருந்தது என்றால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கூடவே ஒரு படம் மட்டும் வேண்டும்; அது என் நம்பரோடு பெட்டிக்குப் பணம் கட்டியவருக்கும் போகும். அதற்கும் சார் வழி வைத்திருந்தார். எங்கள் குடோன் பின்கதவில் ஒரு பூட்டு தொங்கும். கிட்டத்தில் வைத்து எடுத்தால் எந்த ஊர்க் கதவென்று எவனுக்குத் தெரியும்? அந்த ஒரு பூட்டு குடவாசல் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளைப் பூட்டியிருக்கிறது. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுப் படம் எடுத்தேன். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மறுநாளும் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் வண்டியில் உட்கார்ந்து சாப்பிடும்போது வெளிநாட்டு நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். அக்கரைத் தெருப் பெட்டியை ஆன்லைனில் வாங்கி வீட்டுக்கு அனுப்பியவன். துபாயில் வேலை செய்கிறான்.

கத்துவான், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவன் கத்தவில்லை. "அண்ணே, எங்க வீட்டுப் பூட்டைப் படம் போட்டிருந்தீங்க. எங்க வீட்டுக்குப் பூட்டே கெடையாதுண்ணே. அத்தா படுத்து ரெண்டு வருஷமாச்சு, அம்மா நகரவே மாட்டாங்க. பூட்டு வாங்கிப் பூட்டியிருக்காங்கன்னா, தஞ்சாவூருக்குக் கொண்டு போயிட்டாங்களா? அம்மா போனும் மூணு நாளா போகலை. அக்கம்பக்கத்துல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. தஞ்சாவூருக்குக் கொண்டு போவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே முடியாது என்று சொன்ன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவது. போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை.

அது உங்க வீட்டுப் பூட்டு இல்லை தம்பி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "போய்ப் பாத்துட்டுச் சொல்றேன் தம்பி," என்று வைத்துவிட்டு சாருக்குப் போன் போட்டேன்.

"நேத்து பூட்டியிருந்துச்சு, இன்னிக்குத் தொறந்திருக்குன்னு சொல்லிடுங்கண்ணே. முடிஞ்சுது," என்றார்.

ஏழு கிலோமீட்டரும் சுற்றினேன். தெருமுனையில் நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் போனால், பாலத்து வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. "வாங்க தம்பி, இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்," என்றார் அம்மா. அவர் போன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்துப்போயிருந்தது. பெரியவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகில் புண். பெட்டியில் இருந்தது, படுக்கைப் புண் வராமலிருக்கப் போடுகிற காற்று மெத்தை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாளாக அது என் வண்டியில் கிடந்திருக்கிறது.

என் போனிலிருந்து மகனுக்கு வீடியோ கால் போட்டேன். "சாப்டியாப்பா?" என்று கேட்டார் பெரியவர். அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அண்ணே, வாசக்கதவைக் கொஞ்சம் காட்டுங்க," என்றான்.

காட்டினேன். பூட்டு மாட்ட ஒரு வளையம்கூட இல்லாத கதவு. சார் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

"அது எங்க குடோன் பூட்டு தம்பி. நான் இந்தப் பக்கம் வரவே இல்லை," என்றேன்.

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காலையிலதாண்ணே முதலாளிகிட்ட அழுது அவசர லீவு வாங்கினேன். அத்தா கடைசி நெலைமையில இருக்காங்கன்னு சொல்லிட்டேன். இப்பப் போயி, நல்லா இருக்காங்கன்னு சொல்லணும். நாளைக்கு நெசமாவே கேட்டா நம்புவாராண்ணே?" என்றான். மெத்தையை விரித்து, மோட்டாரை மாட்டி, காற்று ஏறும்வரை இருந்தேன். அம்மாவும் நானுமாகப் பெரியவரைத் தூக்கி அதில் கிடத்தினோம். "நல்லா இருங்க," என்றார் அவர் என்னைப் பார்த்து. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குப் பிறகு அந்தப் பூட்டைப் படம் எடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். சார் சண்டை போடவில்லை. வேறு டிரைவரை வைத்து எடுத்துக்கொண்டார்.

மாசியில் பெரியவரின் எதிர்வீட்டுக்கு ஒரு பார்சல் கொண்டு போனேன். புதுப் பாலத்தின் மேல் ஐந்து நிமிஷத்தில் போய்விட்டேன். பெரியவர் வீட்டுக் கதவில் புதிதாக வளையம் அடித்து ஒரு பூட்டு தொங்கியது.

"தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருக்காங்க," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மகன் வந்துட்டாரா?"

"எங்கேருந்து வர்றது? முதலாளி லீவு குடுக்கலையாம். போன தடவை பொய் சொன்னவன்தானேன்னுட்டாராம்."

கையெழுத்து வாங்க நீட்டிய போனை அவர் திருப்பிக் கொடுத்த பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.