ஓடத்துறையில் 'ஏங்க' என்ற குரல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. போன ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்கே நடந்தது இது.

திருமானூர் பக்கம் கொள்ளிடக் கரையில் ஒரு பழைய ஓடத்துறை. பாலம் வந்த பிறகு சும்மா கிடந்தது. நெல் மூட்டை அடுக்கிய கிட்டங்கியைத் திருத்திக் கடைகள் கட்டி, ஆற்றைப் பார்த்துச் சாப்பிட மேஜை நாற்காலி போட்டு, 'ஓடத்துறை பஜார்' என்று பெயர் வைத்தார்கள். ஓட்டை ஓடம் ஒன்றைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு உள்ளே பல்பு மாட்டினார்கள். பாதிக் கூட்டம் அதன் கீழே செல்ஃபி எடுக்கத்தான் வரும். கடைசிக் கடை என்னுடையது. பணியாரமும் காபியும். கடையை ஒட்டியே படிக்கட்டு ஆற்றுக்குள் இறங்கும்.

அன்று நல்ல மழை. ஆறு கரை முட்டப் போனது. பஜாரில் ஈ காக்கை இல்லை. எதிரே வளையல் கடை கோகுலகிருஷ்ணன் அண்ணன் மட்டும் இருந்தார்.

மணி 6.04.

"ஏங்க..."

பெண் குரல். "இதோ வரேங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். யாரும் இல்லை.

"அண்ணே, ஒரு பொம்பள கூப்டுச்சே, எங்க போச்சு?"

"யாரும் வரலையே" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

6.09. மறுபடி "ஏங்க..." இந்த முறை படிக்கட்டுப் பக்கமிருந்து. எட்டிப் பார்த்தேன். ஆளில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பும்போதுதான் கவனித்தேன். மேஜைமேல் கவிழ்த்து வைத்த நாற்காலிகளில் ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தது. என் கடையைப் பார்த்தபடி.

6.12. கரண்ட் போனது. தவளைச் சத்தமும் அதோடு நின்றது.

"ஏங்க... வாங்க..."

இப்போது தண்ணீரிலிருந்து. எங்கேயோ கேட்ட குரல்... அப்போதுதான் பிடிபட்டது. வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பியதை நானே போட்டுக் கேட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. அது என் குரல்.

6.15. போன் அடித்தது. என் வீட்டுக்காரர். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை முடிந்து, என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"ஏண்டி, மழையில படியில என்ன பண்ற?"

"நான் கடையில இருக்கேங்க."

"வெளயாடாத. வாங்க வாங்கன்னு நீதான கூப்புடுற? ஏய்... நில்லு! தண்ணி இழுத்துரும்டி!"

"அது நான் இல்லங்க! போகாதீங்க!"

தொப்பென்று ஒரு சத்தம். லைன் போய்விட்டது.

ஓடினேன். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பெண். என் உயரம். முகம் தெரியவில்லை.

"ஏங்க!" என்று கத்தினேன்.

"ஏங்க..." என்றது அது.

அவர் என்னைப் பார்த்தார். அதைப் பார்த்தார். அதன் பக்கம் அடி வைத்தார்.

மார்பளவு...

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவேன்.

கழுத்தளவு...

"மணிவண்ணா!"

நின்றார்.

திரும்பினார்.

ஓடம் கட்டுகிற இரும்பு வளையத்தைப் பிடித்து ஏறி வந்து என்மேல் சாய்ந்தார். நான் அழுதேன். பின்னால், தண்ணீரில், சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக...

"ம... ணி..."

டார்ச்சோடு வந்த கோகுலகிருஷ்ணன் அண்ணன் எங்களைத் தூக்கிவிடக்கூட இல்லை.

"பேரச் சொல்லியா கூப்ட்ட?"

"ஆமாண்ணே."

"எங்கப்பா ஓடம் விட்ட காலத்துலேர்ந்து இந்தத் துறையில ஆத்தப் பாத்து யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டோம். அதுக்கு ஒருத்தரு பேரும் தெரியாம இருந்துச்சு. நீ சொல்லிக் குடுத்துட்ட. நாளைக்கே கடைய காலி பண்ணு."

ஒரு வருஷம் என் கையால் காபி வாங்கிக் குடித்த மனுஷன். விஷயம் வெளியே தெரிந்தால் கூட்டம் வராது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடையைக் காலி செய்துவிட்டு, கொள்ளிடத்தின் வாடையே வேண்டாம் என்று பெரம்பலூருக்கு வந்துவிட்டோம். நான்கு மாதம் நிம்மதியாகத்தான் போனது.

இன்று காலை கோகுலகிருஷ்ணன் அண்ணன் போன் செய்தார்.

"ஒரு வாரமா ஆத்துல உன் குரல் கேக்குது. பேரச் சொல்லிக் கூப்புடுது. நேத்து சாயங்காலம் ஆறே காலுக்கு ஒரு ஆம்பள குரல் பதில் சொல்லுச்சும்மா. 'இந்தா வரேன்'னு. உன் வூட்டுக்காரரு அப்ப எங்க இருந்தாரு?"

"வூட்லதான். நைட் ஷிஃப்ட்டுக்குப் போகணும்னு தூங்கிக்கிட்டு இருந்தாரு."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நேற்று ஆறே காலுக்கு நான் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்தில் தெளிவாகச் சொன்னார்.

"இந்தா வரேன்."