ஜெட்டுக்குள் இருந்த செப்புக் கம்பி

அது எண்பத்து மூன்றாம் வருடக் கோடை. புதுச்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். அதில் இரண்டாயிரம் முட்டைக் கோழிகளோடு ஒரு பண்ணை. எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். கணவர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீட்டில் மாமனார், மாமியார், நான்.

அந்த வருடம் மழையும் இல்லை, கரண்ட்டும் இல்லை. வெயில் ஏறினால் கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். கொட்டகைக் கூரையில் தென்னை ஓலை பரப்பி, அது காயாமல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். இதற்காகவே என் கணவர் போன தடவை வந்தபோது, ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு பழைய ஸ்கூட்டர் என்ஜின் ஒன்றைப் பம்ப் ஓட்டும்படி மாற்றியிருந்தார். சக்கரம் இருந்த இடத்தில் புல்லி, அதிலிருந்து பம்புக்குப் பெல்ட். பளு இழுக்க வேண்டுமே என்று புகை வெளியேறும் துவாரத்தை அரத்தால் ராவிப் பெரிதாக்கி, கார்புரேட்டரில் பெரிய ஜெட்டாகப் போட்டிருந்தார்கள். ஜெட் என்றால் நடுவில் பொடித் துளை உள்ள ஒரு பித்தளைத் திருகு. என்ஜினுக்குப் பெட்ரோல் இறங்கும் தொண்டை அதுதான்.

அவர் ரிக்குக்குக் கிளம்பியதும் என்ஜின் என் தலையில் விழுந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பாக இருக்கும், பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் என்ஜின் பட்டினி கிடக்கிறது, விட்டால் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். காபித் தூள் நிறம் வந்தால் சரி. காற்று ஸ்குரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிக் காதாலேயே ட்யூன் பண்ணும் அளவுக்கு வந்துவிட்டேன். மருமகள் கையெல்லாம் ஆயிலோடு திரிவது மாமனாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்ஜின் அவர் பேச்சைக் கேட்கவில்லையே, என்ன செய்வார்.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் நான் பம்ப் ரூமுக்குள் போகக் கூடாது. ஆயுத பூஜை அன்று அங்கே ஒரு பிள்ளையார் படத்தை மாட்டியிருந்தார்கள். அதனால் வீட்டுக்குத் தூரமான நாட்களில் வாசலோடு சரி. களத்தோரம் ஓலை இறக்கிய சாய்ப்பில் உட்கார்ந்திருப்பேன், சோறு தட்டில் வரும், தரையோடு தள்ளிவிடுவார்கள்.

அப்படி இரண்டாம் நாள். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பதினோரு மணிக்கு மாமனார் என்ஜினைக் கிளப்பினார். சும்மா ஓடும்போது நன்றாக ஓடியது. பெல்ட்டில் பளு ஏறியதும் இருமி இருமி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. மெக்கானிக்கைக் கூட்டிவரச் சைக்கிளில் ஆள் போனான். மாமியார் குடத்தில் மொண்டு மொண்டு கூரையில் வீசிப் பார்த்தார். ஓலை நனைவதற்குள் காய்ந்தது. உள்ளே கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின.

சாய்ப்பிலிருந்தே எனக்குக் கேட்டது. வாசல் வரை போய்ச் சொன்னேன்.

"மாமா, பெட்ரோல் பத்தலைங்க. சோக்கை இழுத்துப் பாருங்க, கொஞ்சம் தாங்கும்."

இழுத்தார். நான் சொன்ன மாதிரியே கொஞ்சம் தாங்கியது, பிறகு நின்றது.

"ஜெட்டுலதானுங்க என்னமோ இருக்குது. நான் கழட்டறனுங்க."

"அங்கயே நில்லு அம்மணி. சாமி இருக்கற எடம். மெக்கானிக்கு வந்து பாத்துக்குவான்."

"அவரு வர்றதுக்குள்ள பூராச் செத்துருமுங்க மாமா."

"சாவட்டும். தீட்டோட உள்ள வராத."

சாவட்டும் என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. ஒவ்வொரு கோழியையும் குஞ்சிலிருந்து தீவனம் வைத்து வளர்த்தது நான். "தீட்டு எங்கூடவே இருக்கட்டுமுங்க. கோழிக்குத் தீட்டு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, வாசற்படியைத் தாண்டி உள்ளே போனேன்.

மாமனார் சுவரோடு ஒதுங்கினார், என் சேலை பட்டுவிடக் கூடாதல்லவா. அப்போது வாசலில் தரையை உரசும் சத்தம். மாமியார் ஸ்பானர், ஸ்குரூ டிரைவர் இருந்த சாமான் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார், எனக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளுவாரே, அதே மாதிரி.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டை எடுத்தேன். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோல் தெரிந்தது. உள்ளே மயிரிழை தடிமனில் ஒரு செப்புக் கம்பி, மேலே மடக்கிவிடப்பட்டிருந்தது. தானாகப் போய் உட்காருகிற பொருள் இல்லை அது. மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியை உருவினேன், ஜெட்டை ஊதினேன், மாட்டினேன். இரண்டாவது உதையில் கிளம்பியது. பெல்ட் ஏறியது, ஒரு முனகல், அவ்வளவுதான், பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. கூரையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது கோழி போல இறந்திருந்தன. மற்றவை சாயங்காலத்துக்குள் அலகை மூடின.

எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக் வந்தார். கம்பியைக் காட்டினேன்.

"நேத்துப் போட்டதுங்க. உங்க மாமனாருதான், பெட்ரோல் ரொம்பக் குடிக்குது, மைலேஜ் வேணும்னாருங்க. வண்டிக்கெல்லாம் அப்படித்தானுங்க போடுவோம்."

"இது எந்த ஊருக்குங்க போகுது, மைலேஜ் பாக்கறதுக்கு?" என்றேன். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாமனார் கெட்டவர் இல்லை. அரை வாளித் தண்ணீரில் குளித்து எழுந்துவிடும் மனிதர், சிக்கனம் ரத்தத்தில் ஊறியது. ஆனாலும் தப்பு என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் பம்ப் ரூம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கார்புரேட்டருக்குள் தெளிக்காத வரைக்கும் சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதமும் அந்த மூன்று நாளில் கரண்ட் போனது. இந்த முறை யாரையும் கேட்காமல் நேரே உள்ளே போனேன். சுவரில் பிள்ளையார் படத்தைக் காணோம், ஆணி மட்டும் இருந்தது. மாமனார்தான் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். என்னை வெளியே நிறுத்த முடியாது என்று தெரிந்துகொண்டு, சாமியை இடம் மாற்றிவிட்டார்.

அந்த ஆணியில் செப்புக் கம்பியைச் சுற்றிவைத்தேன். அவர் இருந்தவரை அதைப் பார்த்துக்கொண்டுதான் போய் வந்தார், ஒருநாளும் எடுத்துப் போடவில்லை. இன்றைக்கும் யாராவது என்னிடம் 'அதைத் தொடாதே' என்று சொன்னால், உள்ளே எவனோ ஒரு கம்பியைச் செருகி வைத்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, கை தானாக ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறது.