கறுப்புக் கோட்டுக்காரர்

பாகூரில் எங்கள் வீட்டுக்கு வந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. கம்பெனி உத்தரவாம். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா..." என்று சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொள்வார்.

"காலங்காத்தால சாவுப் பேச்சா?" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

வழியனுப்பப் போன நான் கேட்டேன்: "இந்த வேலையில உங்களுக்கு இன்னா புடிச்சிருக்கு?"

"பெரிய கம்பெனிபா. கோட்டைப் பாத்ததும் மிராசுதார்கூட நாற்காலி போடறாரு."

"புடிக்காதது?"

"நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள, பொணம் எடுத்த வூடு மாதிரி வாசல்ல சாணித்தண்ணி தெளிச்சிடறாங்க. என் சம்சாரமே கோட்டை வெளியில கழட்டினாத்தான் உள்ள வுடுறா."

"நாங்க அப்படிச் செய்யமாட்டோம்" என்றேன்.

அவர் சைக்கிளில் ஏறினார். எனக்குப் பின்னால் அம்மா தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.