பிரேக் அக்கா கண்ணயர்ந்த கதை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குக் கைகால் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, நெஞ்சழுத்தமும் கொஞ்சம் வேண்டும். அக்காவுக்கு அது தாராளமாகவே இருந்தது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அக்காவின் கால் அதைவிட்டு இறங்கியதே இல்லை. எதிரே சைக்கிள் வந்தால் ஒரு மிதி, நாய் வந்தால் ஒரு மிதி, ஓட்டுகிறவர் தன்னம்பிக்கையோடு சிரித்தால் அதற்கும் ஒரு மிதி. பிரேக் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருந்தது.

காதில் ஏதோ குத்துகிறதென்று டாக்டரிடம் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் காதை விட்டுவிட்டுக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். பார்த்தவர் திரும்பவும் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கார் ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"அப்ப சரிதான்" என்று ஒரு மாத்திரை எழுதினார்.

பிரஷர் இறங்கியது, கால் ஏறியது. கணுக்கால் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தது. தெருமுனை டாக்டரிடம் கூட்டம் அதிகம் என்பதால் அக்கா பேருந்து நிலையத்துப் பக்கம் இன்னொருவரிடம் போனாள். அவர் காலை அழுத்திப் பார்த்து, நீர் வடிய ஒரு மாத்திரை கொடுத்தார். காலையில் போடச் சொல்லித்தான் கொடுத்தார். பகலெல்லாம் காரில் இருப்பவள் நடுரோட்டில் எங்கே இறங்கி ஓடுவது? அக்கா அதை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவே அவளுக்குத் தனிப் பாதையே விழுந்துவிட்டது.

பிறகு முட்டி வலித்தது. வருடக்கணக்காக பிரேக்கை மிதித்த முட்டி வேறென்ன செய்யும்? எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மூட்டு வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அதையும் காலையில் சாப்பிட்டதும் போட வேண்டும் என்றார். அக்காவுக்குக் காலை என்பதே ஒரு ஓட்டம். ஆகவே எல்லா மாத்திரைகளும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரே மடக்குத் தண்ணீரில் உள்ளே போயின. வயிற்றுக்குள் அவை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துகொண்டன போலிருக்கிறது.

முட்டி வலி குறைந்ததென்னவோ உண்மை. தூக்கம்தான் அடியோடு போயிற்று. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள். பசி வேறு கண்டபடி எடுத்தது. கோபம் மூக்கு நுனியில் குடியேறியது. இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய ஒரு பெண்ணிடம், "நீ மனசுல நினைச்சா பின்னால வர்றவனுக்குத் தெரியுமாடி?" என்று கத்த, அந்தப் பெண் வேறு பயிற்சிப் பள்ளிக்கு மாறிவிட்டாள்.

அக்காவின் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளின் பொடி எழுத்தையெல்லாம் படிக்கும் வல்லமை வீட்டில் அவருக்குத்தான் உண்டு. படித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதுல தூக்கம் வராதுன்னு போட்டிருக்கு" என்றார். "தூக்க மாத்திரைன்னு ஒண்ணு இருக்கில்ல, அதையும் வாங்கிட்டா ரெண்டும் சேந்து சமமாயிடும்."

கணக்கு சரியாகத்தான் பட்டது. பேருந்து நிலையத்து டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். அது பாதி ராத்திரிவரை தாங்கியது. மிச்சப் பாதிக்கு நாத்தனார் உதவிக்கு வந்தாள். நாத்தனார் வீட்டில் உப்பு தீர்ந்தாலும் தீருமே தவிர மாத்திரை தீராது.

"எனக்குக் கேட்டுச்சு அண்ணி. நீங்களும் போட்டுப் பாருங்க. சின்ன மாத்திரைதானே?"

சின்னதுதான். மிளகாய் விதையும் சின்னதுதான்.

மறுநாள் காலை வகுப்பு, கணக்கு வாத்தியாருக்கு. வடிவியலில் புலி. பார்க்கிங் என்று வந்துவிட்டால் எந்த வடிவமும் கைகொடுக்காது. டெஸ்டில் தோற்றுத் தோற்று, அங்கிருந்த அதிகாரியே அவரை நலம் விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். கிளப்ப, கியர் மாற்ற, திருப்ப எல்லாம் அவருக்குத் தெரியும். நிறுத்த மட்டும் தெரியாது. அந்த வேலையை எப்போதும் அக்காவே பார்த்துவிட்டாள்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் அக்காவின் கண் சொருகியது. சீட் பெல்ட் பிடித்திருந்ததால் ஆள் நேராகவே உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு. வாத்தியார் அந்த மௌனத்தைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். திருப்பச் சொல்ல ஆளில்லாததால் திரும்பவில்லை. கடைத்தெருவைத் தாண்டினார், மேம்பாலம் ஏறி இறங்கினார், பெரிய சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தார். திட்டு விழாததால் நன்றாக ஓட்டுகிறோம் என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது.

எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. வாத்தியார் அக்காவின் காலைப் பார்த்தார். அது அசையவில்லை. முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. தன் காலால் தானே பிரேக்கை மிதித்தார். முன்னால் நின்ற லாரிக்கு ஒரு முழம் பின்னால் கார் பூப்போல நின்றது.

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் ஹாரன் காதைக் கிழித்தபோதுதான் அக்கா விழித்தாள்.

"எங்க இருக்கோம் வாத்தியாரே?"

"தெரியலீங்க அக்கா. நீங்க சொல்லாம நான் எப்படித் திரும்பறது?"

சாலையோரம் ஒதுக்கச் சொல்லி அக்கா இறங்கி நின்றாள். இத்தனை வருடத்தில் ஒரு பூனைக்குக்கூடக் கீறல் விழவிட்டதில்லை. இன்றைக்கு ஒரு மனிதரை லாரிக்கடியில் கொடுத்திருப்பாள். வாத்தியார் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "நான் நல்லா நிறுத்தினேனா அக்கா?" என்று கேட்டார். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நல்லாவே நிறுத்தினீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வருவது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளையெல்லாம் குப்பையில் கொட்டப் போனாள். கணவர் பையைப் பிடித்துக்கொண்டார்.

"திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அந்தத் தாள்லயே போட்டிருக்கு. கொட்டறதா இருந்தா குடுத்தவர்கிட்டயே போய்க் கொட்டு."

அக்கா அப்படியே செய்தாள். தெருமுனை டாக்டரின் மேசையில் பையைக் கவிழ்த்தாள். அட்டைகள் சரிந்து ஸ்டெதஸ்கோப்பை மூடின.

"இதெல்லாம் யார் குடுத்தாங்க?"

"உங்க ஆளுங்கதான். இந்த ஒண்ணு மட்டும் நாத்தனார்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

டாக்டர் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, எதை எப்போது போடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே வரிசைப்படுத்தினார். முடித்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"கால் வீங்கினது நான் குடுத்த மாத்திரையால. அந்த வீக்கத்துக்குத்தான் நீர் மாத்திரை. அதை ராத்திரி போட்டதால பாதித் தூக்கம் போச்சு. மீதியை முட்டி மாத்திரை எடுத்துக்கிச்சு, அது பிரஷரையும் ஏத்தும். தூக்க மாத்திரையில ரெண்டு விதத்தை ஒண்ணா முழுங்கினா பகல்ல கண்ணு சொருகாம என்ன பண்ணும்? நீங்க உயிரோட வந்ததே பெரிசு."

"ஆக, நான் ஒரு வியாதிக்கு வந்தேன். மிச்சத்தை நீங்கள்லாம் சேந்து செஞ்சு குடுத்தீங்க."

"அப்படியும் சொல்லலாம்" என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை.

எலும்பு டாக்டரிடம் அங்கிருந்தே போனில் பேசினார். பிரஷர் மாத்திரை மாறியது. முட்டி மாத்திரை காலைக்கு வந்து மெல்ல மெல்லக் குறைந்தது. வீக்கம் வடிந்ததும் நீர் மாத்திரை நின்றது. நாத்தனாரின் மாத்திரை அன்றைக்கே அவள் வீட்டுக்குத் திரும்பியது. இன்னொரு தூக்க மாத்திரையையும் டாக்டர் சொன்னபடி படிப்படியாக விட்டாள். அதுவரை காருக்குள் ஏறக் கூடாது என்று உத்தரவு. பயிற்சிப் பள்ளியில் நாற்காலியில் உட்கார்ந்து சாலை விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். சிவப்பு விளக்கைப் பற்றி அவள் பேசினால் கேட்பவர்களுக்குக் குளிர் எடுக்கும் என்று சொல்வார்கள்.

இந்த இடைவெளியில் வாத்தியார் டெஸ்டில் தேறிவிட்டார். அதிகாரிக்குத்தான் பிரிவு கொஞ்சம் வருத்தமாக இருந்ததாம்.

தூக்கம் ஒரேயடியாக வந்துவிடவில்லை. கோபித்துக்கொண்டு போன சம்பந்தியைப் போல ஒரு நாள் எட்டிப் பார்க்கும், மறுநாள் வராது. மறுபடி வண்டியில் ஏறச் சம்மதம் கிடைத்த பிறகு ஒருநாள், விடிந்து வெகுநேரமாகியும் அக்கா எழுந்திருக்கவில்லை. கணவர் எழுப்பாமலே கடைக்குப் போய்விட்டார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. வகுப்புக்கு வந்த புது ஆள் வாசலில் நின்று, "மேடம், கார் ரெடியா?" என்று குரல் கொடுத்தார்.

"கழுவிக்கிட்டு இருக்கேன்பா, கொஞ்சம் இரு" என்று படுக்கையிலிருந்தே சொல்லிவிட்டு, அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.