அண்ணிக்கு நாய் என்றால் பயம்

மூன்று வருடங்களுக்கு முன்பு சிதம்பரத்தில் நடந்தது இது. மாரடைப்பில் என் கணவர் திடீரென்று போய்விட்டார். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்தாள். கடலூர் செம்மண்டலத்து வீட்டில் நான் தனியாகக் கிடந்தேன். இருந்தேன் என்று சொல்ல முடியாது, கிடந்தேன். பசி இல்லை, தூக்கம் இல்லை, தலை வாரக்கூடக் கை எழவில்லை. ஆபீஸுக்கு லீவு மேல் லீவு போட்டு, வேலையையே விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், சிதம்பரத்திலிருந்து வந்து நின்றார். "கெளம்பு" என்றார், அவ்வளவுதான். தன் வீட்டுக்கே கூட்டிப் போய், மனநல டாக்டரிடமும் காட்டினார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "தினமும் வேர்க்க வேர்க்க நடங்க, அதுவும் மருந்துதான்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அண்ணி எழுப்பினார்.

"எனக்கும் சுகர் ஏறிப்போச்சு, நடக்கணும்ங்கறாங்க. தெருவுல நாய் ஜாஸ்தி. நாயக் கண்டா எனக்குக் கை காலு ஒதறும். தொணைக்கு வாயேன்."

"தாலி எறங்குனவ காலங்காத்தால எதுர வந்தா, நாலு பேரு நாலு விதமா நெனப்பாங்க அண்ணி."

"நாய் சகுனம் பாக்குமாடி? எழுந்திரு."

கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் நான்கு வீதிகள்தான் சிதம்பரத்துக்காரர்களுக்கு வாக்கிங் போகும் இடம். முதல் நாள் கீழ வீதியைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அண்ணி சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பாத்தியா, கடிக்க வருது!" என்றார். அத்தனை பெரிய உடம்பு என் பின்னால் எப்படி மறையும்? "ச்சூ, போ!" என்று விரட்டினேன். பல நாளுக்குப் பிறகு என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

அதன் பிறகு முடியாது என்று சொல்ல வழியில்லை. நான் போகாவிட்டால் அண்ணி நடக்கமாட்டார், சுகர் ஏறும், அந்தப் பழி எனக்கு எதற்கு? முணுமுணுத்துக்கொண்டே தினமும் போனேன். வேர்த்து வந்து குளித்தால் பசித்தது. பசித்துச் சாப்பிட்டால் ராத்திரி தூக்கம் கண்ணைச் சுழற்றியது. துக்கம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் படுத்திருந்தபோது மார்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, நடக்கும்போது பக்கத்தில் நடந்து வந்தது. ஒருநாள் தெற்கு வீதியில் நடந்தபடியே அழுதுவிட்டேன். அண்ணி முந்தானையை நீட்டினார், நடையை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு ஒருநாள் அண்ணிக்குக் காய்ச்சல். யாரும் எழுப்பாமலே எழுந்து, நான் மட்டும் கிளம்பினேன். வடக்கு வீதி டீக்கடை அருகே நாய்கள் கூட்டமாக ஓடி வந்தன. என்னை மோந்து பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாரையோ தேடின. டீக்கடை அம்மா சிரித்தார்.

"அவுங்க வரலியா? அதான் தேடுதுங்க. சாயங்காலமானா பிஸ்கட் போடுவாங்களே, எத்தினி வருசமா போடறாங்க!"

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தபடி கேட்டேன். "நாய்னா பயம்னு சொன்னீங்களே?"

அண்ணி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "பயந்தான். நாய்க்கில்ல. தம்பியத்தான் வுட்டுட்டேன், உன்னையும் வுட்டுடுவனோன்னு பயம்" என்றார்.

தம்பியைப் பறிகொடுத்தவர் அவரும்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அடுத்த மாதம் கடலூர் திரும்பி வேலையில் சேர்ந்தேன். மாத்திரையை டாக்டர் மெல்லக் குறைத்து நிறுத்தினார், நடையை நான் நிறுத்தவில்லை. அண்ணி இங்கே வந்தால் இருவரும் சில்வர் பீச்சில் நடப்போம். தூரத்தில் நாய் வந்தால் இன்றைக்கும் சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல "ச்சூ" என்று விரட்டுவேன். என்னை எழுப்பி நடக்க வைத்த அந்தப் பொய்க்கு, நான் உயிரோடு இருக்கும்வரை நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான்.