கொம்புக்கு மேல் ஒரு சுழி

காலை ஏழே காலுக்கு நான் முதலில் பார்த்தது, பெரியத்தாவின் கட்டைவிரலில் ஒட்டியிருந்த ஈரமான நீல மையை. கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனாவால் வேறு வேலை செய்தறியாத மனிதர் அவர்.

ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில் எங்கள் வீட்டில், தம்பியான என் அத்தாவின் சம்பாத்தியத்தைச் சாப்பிட்டுக்கொண்டு பெரியத்தா பார்த்து வந்த ஒரே உத்தியோகம் வம்சப் பெருமை பேசுவது. பழைய பத்திரமொன்றில் இருந்த முப்பாட்டனாரின் பெயரை அவர் ‘கோட்டை சாயபு’ என்று படித்தார். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை ஒரு காலத்தில் அந்தச் சாயபுவின் அதிகாரத்தில் இருந்தது என்றார். யார் கொடுத்த அதிகாரம் என்று கேட்டால் வெற்றிலை மெல்லத் தொடங்கிவிடுவார்.

அவருடைய மகள் ஜொகரா அக்காவைக் கடப்பாக்கத்துப் புளி வியாபாரி ஒருவர் தம் மகனுக்குக் கேட்டு வந்தார். அக்காவுக்குப் பூரண சம்மதம்.

“கோட்டைய ஆண்ட வூட்டுப் பொண்ண புளி மண்டிக்கு அனுப்பறதா?” என்று, ஆதாரத்துக்குப் பத்திரக் கட்டையே பிரித்து வைத்தார் பெரியத்தா.

வந்தவரோடு பத்திர எழுத்தர் ஒருவரும் இருந்தார். அவர் அதிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அருகருகே வைத்தார்.

“அந்தக் காலத்துல ‘கொ’, ‘கோ’ ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான் பாய். கொம்புக்கு மேல சுழி போட மாட்டாங்க. இவர கோட்டை சாயபுன்னு படிச்சா, இவரு வித்த சரக்கையும் புளியங்கோட்டை நாப்பது மூட்டைன்னுதான் படிக்கணும். அப்டி ஒரு கோட்டை எங்கனா கீதா?”

நெசவாளர்களுக்குப் பசை காய்ச்சப் புளியங்கொட்டை விற்றவர்; ஆகவே கொட்டை சாயபு. மர்மம் அவ்வளவுதான்.

“அப்ப நம்ம தொழிலுதான். நல்லதாப் போச்சி,” என்றார் புளி வியாபாரி, சிரிக்காமல்.

“யோசிச்சி சொல்றேன்,” என்று பெரியத்தா எழுந்து போனார்.

அந்த யோசனையின் விளைவே மறுநாள் காலை நான் பார்த்த மை. பத்திரக் கட்டில் இருந்த அத்தனை தாள்களிலும், எங்கெல்லாம் ‘கொ’ கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் கொம்புக்கு மேல் சுழி போட்டிருந்தார். புளியங்கொட்டையும் தப்பவில்லை, ‘பெற்றுக்கொண்டேன்’ எல்லாம் ‘பெற்றுக்கோண்டேன்’ ஆகியிருந்தது. மோசடி செய்யவும் கொஞ்சம் எழுத்தறிவு வேண்டும்.

“பத்திரத்துல சுழி கீது, வந்து பாத்துக்கச் சொல்லு,” என்று கடப்பாக்கத்துக்கு ஆள் அனுப்பினார்.

ஜொகரா அக்கா தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். “என் தலையெழுத்துக்கும் சேத்துப் போட்டுட்டியா அத்தா?” என்று மட்டும் கேட்டாள்.

கடப்பாக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பையனுக்கு மதுராந்தகத்தில் கல்யாணம் நடந்தது.

வீடு இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை இருக்கிறது. பத்திரங்களில் கரையான் தின்று மிஞ்சியதை அத்தா இறந்த ஆண்டு குப்பையில் போட்டோம். ஜொகரா அக்கா எழுபத்திரண்டாம் வயதில், கல்யாணமாகாமல் இறந்தாள்.