தண்ணீர் போன பக்கம்

ஆலப்புழைக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் கோயிலையும் கல்யாண வீடுகளையும் விட்டால் நாங்கள் சேர்ந்து போன இடம் ஒன்றும் கிடையாது என்று காரணம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் உள்ளே இருந்த காரணம் வேறு.

முந்தின மாதம் என் வீட்டுக்காரர் கோட்டாறு கடைத்தெருவுக்கு உளுந்து வாங்கப் போனார். ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் இரண்டு மணிநேரம் சுற்றிவிட்டு, கடைசியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். துபாயில் இருக்கும் மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அப்பாவ இனி தனியா வெளிய விடாதம்மா. வயலக் குத்தகைக்குக் குடுத்திரலாம்." வயலைக் கொடுத்துவிட்டால் இந்த மனிதர் காலையில் எழுந்து எங்கே போவார்? டாக்டரிடம் காட்ட அடுத்த வாரம் நாள் குறித்திருந்தோம். அதற்குள் ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்து நானே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கோட்டாற்று நெரிசலில் யாருக்குத்தான் வண்டி நிறுத்திய இடம் மறக்காது என்று ஒரு நேரம் நினைப்பேன். அடுத்த நிமிஷமே மகன் சொன்னது ஞாபகம் வரும்.

ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டேன். "காலைல என்ன தின்னோம்?" என்றேன்.

"இட்லி. நீ பொடியில எண்ணெயக் கோரி ஊத்திட்டே. என்னத்துக்குக் கேக்கே?"

நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கொல்லம் போயாச்சா என்று அவர் கேட்டார். பக்கென்றது. பிறகு பார்த்தால் எனக்கும் தெரியவில்லை.

ஆலப்புழை நகரத்துக்குள் இரண்டு கால்வாய்கள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. இரண்டுக்கும் ஒரே மாதிரி கரை, ஒரே மாதிரி பாலம், ஓரத்தில் ஒரே மாதிரி பழைய பண்டகசாலைகள். வந்தவர்கள் எல்லாரும் பாலத்தில் நின்று படம் எடுத்தார்கள். இவர் மட்டும் குனிந்து தண்ணீரையே பார்த்தார். அது எங்கள் ஊர்ப் பழக்கம். நாஞ்சில்நாட்டு வயல்காரனுக்குச் சானல்கரையில் யாரிடமும் திசை கேட்க வேண்டியதில்லை. அணையிலிருந்து வரும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். தண்ணீருக்கு எதிரே நடந்தால் தலைமடை, கூடவே நடந்தால் கடைமடை.

பாலத்தடியில் ஒரு சைவ ஓட்டலில் சாப்பிட்டோம். சிவப்பரிசிச் சோறு அவருக்குப் பிடித்துவிட்டது, இரண்டு தரம் வாங்கினார். அவருடைய மாத்திரையும் ரயில் டிக்கெட்டும் இருந்த பையைக் கல்லாக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கைவீசி நடந்தோம். தண்ணீரில் ஆகாயத்தாமரை மெல்ல நகர, அதன் கூடவே போனோம். ஒரு படகுத்துறைப் படிக்கட்டில் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். வானம் மூடிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "எதுக்க நடந்தாப் போரும்," என்று முன்னால் போனார். அரைமணிநேரம் நடந்தும் ஓட்டல் வரவில்லை. சூரியனைப் பார்க்கலாம் என்றால் மேகம். பாலத்தைக் கடந்தோம், இன்னொரு கால்வாய் வந்தது. நாம் சாப்பிட்டது இதன் கரையிலா, அதன் கரையிலா? யாரிடமாவது கேட்கலாம் என்றால் ஓட்டலின் பெயர் இருவருக்கும் தெரியவில்லை. ரயிலுக்கு ஒரு மணிநேரம்தான் இருந்தது.

"சரியாத்தான வந்தோம்? தண்ணிக்கு எதுக்கத்தான வந்தோம்?" என்று என்னைக் கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

எனக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது. "மகன் சொன்னது சரிதான்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் மறுபடியும் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

படகைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, எங்கே போக வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார். என் வீட்டுக்காரர் தண்ணீரைக் காட்டி நடந்ததைச் சொன்னார். படகுக்காரர் சிரித்தார். இது கடலோடு சேர்ந்த தண்ணீர், கடல் ஏறினால் இங்கோட்டு வரும், இறங்கினால் அங்கோட்டுப் போகும் என்றார். மத்தியானம் பார்த்த ஓட்டம் மாலையில் திரும்பியிருந்தது. நாங்கள் ஓட்டலுக்கு நேர் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறோம். படகுக்காரரே ஒரு ஆட்டோவை நிறுத்தி, படகுத்துறைக்கு அந்தப் பக்கத்துப் பாலத்தடிச் சைவ ஓட்டல் என்று சொல்லி ஏற்றிவிட்டார். பை கிடைத்தது. ரயிலுக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருந்தது. "தண்ணியாக்கும் ஏமாத்தினது, நீங்க இல்ல. வயல் விசயமா இனி ஒருத்தனும் பேசப்பிடாது, நானே மகன்கிட்ட சொல்லுகேன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தண்ணி ஏமாத்தினது நெசந்தான். ஆனா நான் ஏன் தண்ணியப் பாத்தேன் தெரியுமாட்டி? படிக்கட்டுல இருந்து எந்திரிச்சப்பமே, எந்தப் பக்கமா வந்தோம்னு எனக்கு ஓர்மையே இல்ல. ஒங்கிட்ட சொல்லப் பயமா இருந்துது."

இறங்கிய பாரம் ஏறியதா, ஏறவில்லையா என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கும் ஓர்மை இல்ல," என்றேன்.

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். சத்தியமாக எனக்கும் ஞாபகம் இல்லை. காலையிலிருந்து நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வழியை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.